கழுவிக் கொடுத்த மடிக்கணினி

எங்கள் வீட்டிலிருந்து ஒரு பொருள் இன்னொரு வீட்டுக்குப் போவதென்றால் அது கழுவப்பட்டுத்தான் போகும். இது என் மனைவி வகுத்த சட்டம். மேல்மாடியிலிருந்து கறி வந்த பாத்திரத்தைக் கழுவித் துடைத்து, அதற்குள் இரண்டு வாழைப்பழமாவது வைத்துத் திருப்பிக் கொடுப்பது எங்கள் பக்கத்து வீடுகள் எல்லாவற்றிலும் உள்ள வழக்கம். அவர் அந்த வழக்கத்தின் எல்லையை விரித்துக்கொண்டே போனார். பழைய குடையைக் கொடுத்தாலும் கம்பிகளைத் துடைத்து எண்ணெய் பூசிக் கொடுப்பார். பழைய பயிற்சிப் புத்தகத்தைக் கொடுக்க நேர்ந்தால், முன்னைய பிள்ளை பென்சிலால் எழுதிய விடைகள் அத்தனையையும் அழிறப்பரால் அழித்த பின்பே கொடுப்பார். "மற்ற ஆளின்ர விடையைப் பாத்துக்கொண்டு ஒருத்தரும் கணக்குப் படிக்க ஏலாது" என்பது அதற்கு அவர் சொன்ன காரணம்.

நான் சட்டமூலங்களின் தமிழ் வாசகத்தைச் செப்பம் செய்யும் உத்தியோகத்தில் இருந்து ஓய்வுபெற்றவன். விதிவிலக்கு இல்லாத சட்டத்தை நாட்டில் நான் கண்டதில்லை. வீட்டில் ஒன்று இருந்தது.

இங்கே நான் எழுத முற்பட்டது ஒரு மடிக்கணினியைப் பற்றி. கறுப்பு நிறம், சற்றுக் கனமானது, பல ஆண்டுகளுக்கு முன் மகள் இலண்டனிலிருந்து கொண்டுவந்தது. என் மனைவி வெள்ளவத்தையில் பெண்கள் பாடசாலையொன்றில் கணிதம் கற்பித்து ஓய்வுபெற்றவர். பாடசாலைகள் மூடப்பட்டிருந்த காலத்தில் பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்தே வகுப்பு நடத்த வேண்டி வந்தபோது, அந்தக் கணினியைத் திறந்துவைத்துக்கொண்டு அதை ஒரு பாடமாகவே படிக்கத் தொடங்கினார். விசைகளின் மேல் தமிழ் எழுத்துகள் அச்சிட்ட சிறிய ஒட்டிகளை ஒவ்வொன்றாக ஒட்டினார். படித்து முடித்தபோது எங்கள் ஒழுங்கை முழுவதற்கும் அவரே வைத்தியராகியிருந்தார். காலி வீதி முனையிலிருந்து கடற்கரைத் தண்டவாளம் வரையில் எவருடைய கணினி நோய்ப்பட்டாலும், "டீச்சரிட்டக் காட்டுங்கோ" என்றுதான் சொல்வார்கள். காட்டிய எவரையும், கடவுச்சொல்லை நீளமாக வைக்கச் சொல்லாமல் அவர் அனுப்பியதில்லை. கடற்காற்று இரும்பைத் தின்னும் ஒழுங்கை அது. தன்னுடைய கணினியை அவர் தினமும் ஒரு பழைய தலையணை உறைக்குள் இட்டுத்தான் அலமாரியில் வைப்பார்.

தொழிற்சாலையிலிருந்து புறப்படும் கணினியில், வன்தட்டின் ஓரமாக ஒரு பகுதியைத் தயாரிப்பாளர்கள் ஒதுக்கிப் பூட்டிவைக்கிறார்கள். புதுக் கணினியில் முதல் நாள் எவையெல்லாம் இருந்தனவோ அவற்றின் பிரதி முழுவதும் அதற்குள் இருக்கும். பின்னாளில் எவ்வளவு குப்பை சேர்ந்தாலும், அந்த மீட்புப் பகுதியைக் கொண்டு கணினியை அதன் முதல் நாளுக்குத் திருப்பிவிடலாம். இதை எனக்கு விளக்கியவர் என் மனைவிதான். நான் விளங்கிக்கொண்டேனா என்பதை ஒரு கேள்வி கேட்டு உறுதிசெய்த பின்பே அடுத்த வேலைக்குப் போனார்.

கொழும்பில் ஒரு வழக்கம் உண்டு. கணினி மெதுவாக ஓடுகிறது என்று கடைக்குக் கொண்டுபோனால், கேள்வி எதுவும் கேளாமல் 'ஃபோமட்' அடித்துவிடுவார்கள். அடிக்கும்போது அந்த மீட்புப் பகுதியையும் சேர்த்தே துடைத்துவிடுவார்கள். "உங்களுக்கு இடம் கூட்டித் தந்திருக்கிறம்" என்று அதை ஒரு சலுகையாகவும் சொல்வார்கள். வாங்குபவர்களும் மகிழ்ந்து போவார்கள். என் மனைவிக்குச் சினம் வருவது அரிது. இந்தச் சலுகையைக் கேட்டால் மட்டும் வரும்.

ஒரு முறை விசைப்பலகை பழுதாகி, காலி வீதியில் ஒரு கடைக்கு இருவருமாகக் கொண்டுபோனோம். கடையின் தொழில்நுட்பர் சிங்களவர், பணிவான மனிதர். விசைப்பலகையை மாற்றிவிட்டு, இந்தப் பகுதி சும்மா கிடக்கிறது மிஸ், அழித்துவிடட்டுமா என்று சிங்களத்தில் கேட்டார். என் மனைவி கைப்பையைக் கண்ணாடி மேசையில் வைத்தார்.

"மல்லி, ஏக்கட்ட அத்த தியன்ன எப்பா" என்றார். தம்பி, அதில் கை வைக்காதே என்று பொருள். பிறகு, அது சும்மா கிடக்கும் இடமில்லை, இந்தக் கணினியின் முதல் நாள் அங்கேதான் இருக்கிறது என்று அதே மொழியில் எடுத்துச் சொன்னார். கடையில் நின்ற மற்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். நான் அவருக்குப் பின்னால் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்படி நிற்பதில் எனக்கு ஒரு நிறைவு இருந்தது.

கடைசி விடுமுறையில் மகள் புதியதொரு கணினியைக் கொண்டுவந்தார். கோப்புகள் அனைத்தையும் என் மனைவி தானே புதியதற்கு மாற்றினார். பழையதை ஒருவருக்கு வாக்களித்திருந்தார்.

அந்த ஒருவர் நாற்பதை நெருங்கும் பெண், ஜிந்துப்பிட்டியில் இருப்பவர். பெற்றோர் மலையகத்திலிருந்து வந்து கொழும்பில் தங்கியவர்கள். கணவர் ஒருகொடவத்தையில் கொள்கலன் லொறி ஓட்டுகிறார். இவர் செட்டியார் தெருவில் ஒரு நகைக்கடையில் காசாளர். அந்த வயதில் கணக்கியல் பரீட்சைக்கு விண்ணப்பித்து, கணிதம் படிக்க ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வருவார். பரீட்சை வகுப்புகள் இணையவழியில் நடப்பவை. கைத்தொலைபேசியின் சிறிய திரையில் ஐந்தொகையின் இரு பக்கங்களையும் ஒன்றாகப் பார்க்க முடியவில்லை என்று ஒரு நாள் சொன்னார். என் மனைவி உடனே புதிய கணினியை நீட்டினார்.

"ஐயோ, புதுசு வேணாம் டீச்சர். அத வாங்கினா நான் இந்தப் பக்கமே வரமாட்டேன்."

"அப்ப பழசை எடுப்பீரோ?"

"பழசுன்னா எடுப்பேன்."

"சரி. ஆனா இப்ப தரமாட்டன். கழுவித்தான் தருவன்."

"கம்பியூட்டர எப்புடி டீச்சர் கழுவுறது? சன்லைட் சோப்பு போட்டா?"

இருவரும் வெகுநேரம் சிரித்தார்கள். அடுத்த கிழமை ஒரு காலையில், உலையில் அரிசியை இட்டுவிட்டு நெஞ்சைப் பிடித்தபடி கதிரையில் அமர்ந்த என் மனைவி, மருத்துவமனைக்குப் போகும் வழியில் காலமானார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து மகளும் இலண்டனுக்குத் திரும்பிய பின், மாலைகளில் நான் அந்தப் பழைய கணினியைத் திறந்து பார்க்கும் பழக்கத்துக்கு ஆளானேன். திறந்ததும் அவருடைய பெயரும் அதன் மேல் வட்டத்துக்குள் அவருடைய முகமும் தோன்றும். உள்ளே எழுத்துகள் அவருடைய கண்ணுக்கேற்ற அளவில் பெரிதாக இருக்கும். சுட்டுக்குறியையும் அவர் பெரிதாக்கி மஞ்சள் நிறம் இட்டிருந்தார். திரையின் இடப்பக்கம் வெறுமையாக, வலப்பக்கத்தில் மட்டும் கோப்புகள் நிரையாக நிற்கும். கரும்பலகையிலும் அவர் வலப்பக்கத்தைத்தான் கணக்கின் செய்கைவழிக்கு ஒதுக்குவார். புதிய கணினியிலும் அதே கோப்புகள் இருந்தன. ஆனால் அதில் அவர் இன்னும் குடியேறியிருக்கவில்லை.

அந்தப் பெண்ணின் அடுத்த தவணை வகுப்பு சனிக்கிழமை தொடங்குகிறது என்று செவ்வாயன்று எனக்குத் தெரியவந்தது. அவராக அதைச் சொல்லவில்லை. துக்கம் கேட்க வந்தபோதும் அவர் கணினியைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. நான்தான் தொலைபேசியில் அழைத்துப் படிப்பு எப்படிப் போகிறதென்று விசாரித்து அறிந்தேன். "ஃபோன்லயே பாத்துக்குவேன் சார், பரவாயில்ல" என்றார்.

அன்று மாலை காணொளி அழைப்பில் மகளிடம் சொன்னேன்.

"அப்பா, அவவுக்குப் புதுசைக் குடுங்கோ. பழசு அப்பிடியே இருக்கட்டும்" என்றார் மகள்.

"புதுசு வேண்டாம் எண்டு அவ சொன்னவ. அம்மாவும் அதுக்கு ஒத்துக்கொண்டவ. ரெண்டு பேர் செய்த உடன்பாட்டை மூண்டாவது ஆள் திருத்த ஏலாது."

"இது பாராளுமன்றமில்லை அப்பா."

"தெரியும் பிள்ளை."

"ஒரு வருசம், ஆட்டைத் திவசம் வரைக்குமாவது வைச்சிருங்கோவன். அதில அம்மான்ர முகம் வருது." மகள் திரைக்கு அருகில் வந்தார். "நான் உங்களோட கதைக்கேக்க நீங்கள் அதைத் திறந்து எனக்குக் காட்டினனீங்கள்தானே."

காட்டியது உண்மைதான்.

"அம்மா கழுவித் தாறன் எண்டு வாக்குக் குடுத்தவ" என்றேன். "முகத்தோட குடுத்தா அது கழுவினதில்லை. குடுக்காமல் விட்டா வாக்கில்லை. சனிக்கிழமைக்கு இடையில மூண்டு நாள்தான் இருக்கு."

"ஆரு செய்யிறது? கடையோ?"

"பாப்பம்."

"கடைக்காரன் மீட்புப் பகுதியையும் துடைச்சுப்போடுவான் அப்பா. அம்மா அதை எப்பிடிக் காப்பாத்தி வைச்சிருந்தவ தெரியுமே!" என்றார் மகள். ஒரு நிமிடத்துக்கு முன் கணினியை அழிக்கவே கூடாதென்று வாதாடியவர், இப்போது சரியான முறையில் அழிக்கப்பட வேண்டுமென்று கவலைப்படத் தொடங்கியிருந்தார். தாயின் பிள்ளை.

ஆயினும் நான் மறுநாள் கடைக்குப் போனேன். என் கைகளை நான் நம்பவில்லை. உத்தியோக காலம் முழுவதும் எனக்குத் தட்டெழுத்தாளர்கள் இருந்தார்கள். வீட்டில் அவர் இருந்தார். கடையில் பழைய தொழில்நுட்பர் இல்லை. உற்சாகமான வேறொருவர் முன்னே வந்தார்.

"ஒரு மணித்தியாலம் தாங்க அங்கிள். ஃபோமட் அடிச்சுத் தாறன், பறக்கும்."

"இதில் மீட்புப் பகுதி இருக்கிறது. அதைக்கொண்டு செய்ய வேண்டும்."

"ரிக்கவரியா? அதெல்லாம் பழங்காலம். அத அடிச்சிட்டு, எல்லா சொஃப்ட்வெயரும் உள்ளுக்கு இருக்கிற நம்மட கொப்பி ஒண்டு போடுறன். படம் கீறுறது, கணக்கு எழுதுறது, எல்லாம் ஃப்ரீ."

"அந்தக் கொப்பிக்கு உரிமம் இருக்கிறதா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அங்கிள் லோயரா?"

"லோயர்மார் வாசிக்கிறதைத் திருத்தினவன்."

"அப்ப லேசில விடமாட்டீங்க" என்று சிரித்தார். நல்ல மனிதர்தான். என்றாலும் நான் தலையணை உறையைத் திரும்ப இழுத்துவிட்டு வெளியே வந்தேன். கணினியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு காலி வீதியைக் கடந்தபோது, என் மனைவி கண்ணாடி மேசையில் கைப்பையை வைத்த விதம் நினைவுக்கு வந்தது. அவர் இல்லாத இடத்தில் அவருடைய வழக்கில் நான் தோற்கவில்லை.

வியாழக்கிழமை காலை, முழுகி, அவருடைய படத்துக்குப் பூ வைத்துவிட்டு உணவு மேசையில் அமர்ந்தேன். மேல்மாடி நண்பர் வந்து எதிரே உட்கார்ந்தார். வங்கி முகாமையாளராக இருந்து ஓய்வுபெற்றவர். எங்கள் வாழைப்பழங்களில் பாதியைப் பல ஆண்டுகளாகப் பெற்றுக்கொண்டவர்.

"என்ன ஐசே, சத்திரசிகிச்சையோ?"

"ஓம். நீர் சும்மா இருந்தால் போதும்."

"மயக்க மருந்து குடுத்திட்டீரோ?"

செய்முறையை மனத்துக்குள் ஓட்டிக்கொண்டிருந்தேன். இந்த நண்பருடைய கணினியைத்தான் ஒரு முறை என் மனைவி இதே மேசையில் வைத்து மீட்டார். நான் தேநீர்க் கோப்பையுடன் பக்கத்தில் நின்றேன். மின்விசையை அழுத்தி, திரையில் தயாரிப்பாளரின் சின்னம் வந்தவுடன், மேல்வரிசையில் வலப்பக்கமுள்ள ஒரு விசையைத் தட்ட வேண்டும். அது எந்த விசையென்று எனக்குத் தெரியும். அதன் மேல் அவர் ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்தார், தன்னுடைய நெற்றிப் பொட்டுகளில் ஒன்று.

மின்விசையை அழுத்தினேன். சின்னம் வந்தது. பொட்டை ஒரு முறை அழுத்திவிட்டுக் காத்திருந்தேன். கணினி என்னைப் பொருட்படுத்தாமல் வழக்கம்போலத் திறந்து, அவருடைய முகத்தைக் காட்டியது.

நண்பர் எட்டிப் பார்த்துவிட்டுத் தலை குனிந்துகொண்டார்.

நான் அணைத்து மறுபடியும் தொடங்கினேன். மீண்டும் ஒரு முறை அழுத்தினேன். மீண்டும் அவருடைய முகம். மூன்றாவது முறைக்கு முன்தான் அன்று என் மனைவி நண்பருக்குச் சொன்னது காதில் கேட்டது. "இவரை மாதிரி மணியை ஒருக்கா அடிச்சுப்போட்டுக் கேற்றில காத்துக்கொண்டு நிக்கக் கூடாது. திறக்குமட்டும் தட்டோணும்." இவர் என்றது என்னை. நான் எவர் வீட்டு அழைப்புமணியையும் இரண்டாம் முறை அடிக்காதவன். அதை அவர் முப்பது ஆண்டுகளாகக் கேலிசெய்து வந்தார்.

இம்முறை தட்டினேன். நாகரிகமில்லாமல், விடாமல் தட்டினேன். திரை நீலமாகி, மீட்புப் பகுதியின் வாசல் திறந்தது.

"ஆ, வந்திட்டுது" என்றார் நண்பர்.

உடனே மின்னிணைப்பைச் செருகும்படி ஓர் அறிவித்தல் வந்தது. செருகித்தான் இருந்தேன். இலண்டனிலிருந்து வந்த கணினிக்குச் சதுர முனைகள். எங்கள் பழைய தொடர்மாடியின் சுவருக்கு வட்டத் துளைகள். இரண்டுக்கும் நடுவே ஓர் இணைப்பி தொங்கிக்கொண்டிருந்தது, ஆடும் பல்லைப்போல. நண்பர் பேனாவை எடுத்து அதைக் குத்தி நெருக்கப் போனார். அவரைத் தடுத்துவிட்டு அலமாரியின் கீழ்த்தட்டைப் பார்த்தேன். எதிர்பார்த்தபடியே அங்கே, என் மனைவி இதற்கென்று வைத்திருந்த ஒரு கலியாண அழைப்பிதழின் மூலை, நாலாக மடித்தபடி இருந்தது. அதை இணைப்பியின் அடியில் செருகினேன். ஆட்டம் நின்றது. அறிவித்தல் மறைந்தது. யாருடைய கலியாணமோ, தடித்த மட்டையில் அச்சிட்டிருந்தார்கள்.

அடுத்து இரண்டு தெரிவுகள் வந்தன. கோப்புகளை வைத்துக்கொண்டு மீட்பது ஒன்று. அனைத்தையும் நீக்கித் தொழிற்சாலை நிலைக்குத் திருப்புவது மற்றது. நான் இரண்டாவதைத் தெரிவுசெய்தேன். திரை என்னை எச்சரித்தது. இந்தச் செயலினால் இந்தக் கணினியில் உள்ள உங்களுடைய கணக்குகள், அமைப்புகள், கோப்புகள் யாவும் நீங்கும். அவற்றை மீளப் பெற முடியாது. தொடர விரும்புகிறீர்களா?

அந்த வாசகத்தை நான் என் பழைய தொழிலின் கண்ணோடு வாசித்தேன். வினை தெளிவு, செயப்படுபொருள் தெளிவு, 'கூடும்', 'வேண்டியவிடத்து' போன்ற நழுவல் எதுவும் இல்லை. நான் திருத்தியிருக்க ஒன்றும் இல்லை. எவ்வளவு நேரம் அதை வாசித்துக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை. நண்பர் எழுந்துபோய் யன்னலருகில் நின்று கடலைப் பார்த்தார். கீழே கரையோர ரயிலொன்று போனது. அதன் ஓசை அடங்கிய பின், 'ஆம்' என்பதை அழுத்தினேன்.

திரையில் நூற்றுவீத எண் மெல்ல ஏறியது. பாதிக்கு மேல் போய், திடீரென்று திரை இருண்டது. சின்னமுமில்லை, எண்ணுமில்லை. கணினிக்குள் சுழன்ற காற்றாடியின் ஒலியும் நின்றுவிட்டது.

நண்பர் ஓடி வந்தார். "ஐசே, இது செத்துப்போச்சு. பட்டனைப் பிடிச்சு அமத்தும்."

சொன்ன பிறகுதான் எந்த வீட்டில் எந்தச் சொல்லைச் சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. முகம் கறுத்துப் போனது. "நான் அதைச் சொல்லேல்லை…" என்று இழுத்தார்.

"இரும். அது சாகேல்லை. யோசிக்குது."

அது என் சொல்லில்லை. கணினி இருண்டுவிட்டதென்று பதறி ஓடி வருகிறவர்களிடம் என் மனைவி சொல்வது அது. பொறுமையில்லாமல் பொத்தானை அழுத்திப் பிடிக்கிறவர்கள்தான் கணினியைக் கொல்கிறார்கள் என்றும் சொல்வார். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. இது திரும்பாவிட்டால் அவருடைய முகமும் போய்விட்டது, வாக்கும் போய்விட்டது. வெள்ளிக்கிழமை மட்டுமே மிச்சம். நண்பர் தன் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவற்றையும் பின்னால் கட்டிக்கொண்டார். இரண்டு கிழவர்கள் தேசிய கீதத்துக்கு நிற்பதுபோல ஓர் இருண்ட திரையின் முன் நின்றோம்.

காற்றாடி மூச்சு விட்டது. சின்னம் வந்தது.

"மனுசி சொன்னா சொன்னதுதான் ஐசே" என்றார் நண்பர், என்னைப் பார்க்காமல்.

"ஓம்" என்றேன்.

அதன் பிறகு அது பலமுறை அணைந்து எழுந்தது. நாங்கள் தேநீர் குடித்தோம். வெயில் மேசைக்கு வந்த நேரத்தில் வேலை முடிந்து, திரை வெளிச்சமாகி, மொழியையும் நாட்டையும் கேட்டது. முன்பு ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் போக அவ்வளவு தயங்கிய கணினி, இப்போது தொட்டதும் பதில் சொன்னது. வீட்டுக்கு வந்த முதல் நாள் அது இப்படித்தான் இருந்தது. எனக்கு நினைவிருக்கிறது, மகள் பெட்டியைப் பிரிக்க, என் மனைவி மூக்குக்கண்ணாடியை உயர்த்திக்கொண்டு குனிந்து பார்த்த அந்த வெளிச்சம் இதுவேதான். இந்த ஒழுங்கையில் எத்தனையோ கணினிகள் வந்து போயின. தன் முதல் நாளுக்குத் திரும்பக்கூடியதாக ஒன்று மிஞ்சியதென்றால், அதற்கு ஒரு பெண் கடை கடையாக நின்று 'கை வைக்காதே' என்று சொன்னது மட்டுமே காரணம். அந்தப் பெண்ணுக்கு நான் கணவனாக இருந்தேன். அரசாங்கம் எனக்குத் தந்த பதவிகளைப் பற்றி நான் எவரிடமும் பேசியதில்லை. இதைப் பேசலாம் என்று நினைக்கிறேன்.

அடுத்த பக்கம், 'இந்தக் கணினியை யார் பயன்படுத்தப் போகிறார்?' என்று கேட்டது. பெயர் எழுத ஒரு கட்டம் காத்திருந்தது.

"உம்மட பேரைப் போட்டுப் பாருமன், வேலை செய்யுதோ எண்டு" என்றார் நண்பர்.

"இல்லை. கழுவுறது இவ்வளவும்தான். பேர் கேக்கிற இடத்தில நிப்பாட்டோணும். மிச்சம் உரியவருக்கு." இதுவும் என் மனைவி நண்பருடைய கணினியைத் திருப்பிக் கொடுத்தபோது செய்தது. நண்பருக்கும் நினைவு வந்திருக்க வேண்டும்; தலையசைத்தார்.

கணினியை அணைத்தேன். மூடியையும் திரையையும் மெல்லிய துணியால் துடைத்தேன். விசைகளின் மேலிருந்த ஒட்டிகளில் சில தேய்ந்து எழுத்து மங்கியிருந்தன. உரிப்பதா விடுவதா என்று சற்று யோசித்து, விட்டுவிட்டேன். சிவப்புப் பொட்டையும் விட்டேன்; அது அந்த விசைக்குத் தேவை.

வெள்ளிக்கிழமை பின்னேரம், அந்தப் பெண் நகைக்கடையிலிருந்து வரும் நேரம் பார்த்து, பஸ் ஏறி ஜிந்துப்பிட்டிக்குப் போனேன். கோயில் மணி அடித்துக்கொண்டிருந்தது. ஒழுங்கையில் இருவர் ஒதுங்கினால்தான் ஒருவர் போகலாம். அவருடைய வீட்டின் முன்னறையில் ஒரு மேசையைத் துடைத்துத் தயாராக வைத்திருந்தார். வருகிறேன் என்றேனே தவிர, என்ன கொண்டுவருகிறேன் என்று நான் சொல்லியிருக்கவில்லை. மேசை மட்டும் வெறுமையாக இருந்தது.

தலையணை உறையிலிருந்து கணினியை எடுத்து வைத்தேன். அதற்கு மேல் வாழைப்பழங்களை வைக்க முடியாததால், அவற்றைப் பக்கத்தில் வைத்தேன்.

"டீச்சரோட கம்பியூட்டரா சார்?"

"இப்ப ஒருத்தருடையதும் இல்லை. திறந்து பாரும்."

அவர் சேலை நுனியால் கையைத் துடைத்துக்கொண்டு அமர்ந்தார். மின்விசையை அழுத்தினார். மொழியையும் நாட்டையும் தெரிவுசெய்து முன்னேறினார். பெயர் கேட்கும் பக்கம் வந்தது. விரல்கள் விசைகளுக்கு மேலே நின்றுவிட்டன. மங்கிய ஒட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார்…" என்றார், தலையை நிமிர்த்தாமல். "டீச்சர் பேரையே போட்டுக்கவா?"

மகளுக்கு நான் சொன்ன வாதங்கள் எல்லாம் அங்கே உதவவில்லை. அந்தக் கட்டத்தில் அவருடைய பெயர் மீண்டும் வந்தால், நான் எப்போதாவது இங்கே வந்து அதைப் பார்க்கலாம். அந்த எண்ணம் எனக்கு வந்தது, மறைக்கவில்லை.

"வேண்டாம்" என்றேன். "கழுவித் தாறன் எண்டு அவ உமக்குச் சொன்னவ. கழுவியாச்சு. உம்மட பேரைப் போடும்."

"சன்லைட் போட்டா சார்?" என்று கேட்டார். கண் நிறைந்திருந்தது, சிரிக்கவும் செய்தார்.

"சன்லைட் போடாமல்தான்."

அவர் தன் பெயரை எழுதினார். ஒவ்வோர் எழுத்தாக, என் மனைவி ஒட்டிய ஒட்டிகளைத் தேடித் தேடி, பிழையின்றி எழுதினார். அடுத்து, கடவுச்சொல்லொன்றை அமைக்கும்படி கணினி கேட்டது.

பிறர் கடவுச்சொல்லைத் தட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும் என்பதும் எங்கள் வீட்டுச் சட்டம்தான். நான் ஒழுங்கையின் பக்கம் திரும்பிக்கொண்டேன். பின்னால் விசைகள் ஒலித்தன. நிற்கும் என்று எதிர்பார்த்த இடத்தில் நிற்கவில்லை; தொடர்ந்து ஒலித்தன. நீளமான கடவுச்சொல். யாரிடம் படித்தவர் என்று எவரும் கேட்கத் தேவையில்லை.